ஜன்னலோரம் தூங்கியவன்

திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் காலைப் பேருந்து. புத்தலப்பட்டு தாண்டியும் மாந்தோப்புகளில் பனி முழுதாகக் கலையவில்லை. என் முன் சீட்டுப் பெரியவர், எதிர் ஜன்னலோரம் தூங்குகிறவனைப் பக்கத்திலிருந்தவருக்குக் காட்டினார்.

“மச்சான், அவன்தான் என்னைக் கொல்ல வந்த கூலிக்காரன்.”

“இன்னா மாமா சொல்ற! உள்ள இல்லியா?”

“பெயில்ல வந்தான், அப்ரூவர் ஆயிட்டான். என் தம்பிதான் ஆள் வெச்சான்னு இன்னிக்குக் கோர்ட்ல சொல்லப் போறான்.”

“அன்னிக்கு ஏன் உன்ன வுட்டுட்டானாம்?”

“தோப்புல அசந்து தூங்கிக்கினு இருந்தேன். கத்தியோட பக்கத்துலயே குந்திக்கினு இருந்தானாம். தூங்கற மூஞ்சியப் பாத்து கையே எழலயாம்.”

மச்சான் வாய்விட்டுச் சிரித்தார். தூங்குகிறவன் முகத்தில் மரநிழல்கள் போய்க்கொண்டிருந்தன. பெரியவர் மச்சானின் கையை அழுத்தினார்.

“மெதுவா சிரி. எழுந்துக்கப் போறான்.”