ஆற்றுக்குப் போன தாலி

அதிகம் படிக்காத நான், அடுத்தவர் பேச்சைக் கேட்டு எழுதுவது சரியில்லைதான். பொறுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை இத்தாலியின் பலெர்மோ நகரில் ஒரேத்தோ பகுதிக்குப் போகும் பேருந்தில், வீட்டுவேலை முடித்து வந்த இரண்டு இலங்கைத் தமிழ்ப் பெண்கள் எனக்கு முன்னால் இருந்தார்கள்.

“என்ரை தாலிதான் அக்கா என்னை ஆத்திலை தாட்டது,” என்றாள் இளையவள்.

“என்னடி கதைக்கிறாய்?”

“நேற்று எங்கடை ஆக்கள் எல்லாரும் காத்தடிச்ச ரியூப்பிலை ஏறி ஆத்திலை மிதந்து போனம். தாலிக்கொடி கழண்டு போயிடுமெண்டு சட்டையோடை சேர்த்து ஊசி குத்தியிருந்தனான். ஊசி திறந்து ரியூப்பிலை ஏறீட்டுது. காத்துப் போய் நான் தண்ணிக்கை விழுந்திட்டன்.”

“ஐயோ! பிறகு?”

“இவர் பாஞ்சு வந்து கையை நீட்டினார். நான் ரெண்டு கையாலையும் தாலியைத்தான் பிடிச்சுக்கொண்டிருந்தனான்.”

மூத்தவள் வாயைப் பொத்திச் சிரித்தாள். “கட்டினவரை விட்டிட்டியோ?”

“ஓம். கடைசியிலை தலைமயிரிலை பிடிச்சு இழுத்து ஏத்தினவர். ‘நான் பெரிசோ, தாலி பெரிசோ’ எண்டு கேட்டார். அதுக்குப் பிறகு என்னோடை கதையே இல்லை அக்கா.”

“நீ என்னடி சொன்னனி?”

“உங்களுக்கு நீந்தத் தெரியும், அதுக்குத் தெரியாதெண்டன்.”

மறுநாள் அதே பேருந்தில் இளையவள் தன் கணவரோடு ஏறினாள். இருவரும் பேசவில்லை. அவளுடைய பையை அவர் தன் மடியில் வைத்திருந்தார்.