ஸ்டோர் பூட்டை உடைத்து இருபதாம் நம்பர் எண்ணெய் எடுத்தது பற்றி

எனது பெயர் ஆண்டியப்பன் மகன் சோலைமலை. வயது 36. பொகவந்தலாவை மஞ்சக்கல் தேயிலைத் தோட்டம், ஐந்தாம் லயத்து வீட்டில் குடியிருக்கிறேன். அத்தோட்டத்தில் பதினொரு வருடமாக லொறி ஓட்டுகிறேன்.

1959 ஜனவரி 24ஆம் திகதி சனிக்கிழமை, லொறி என்ஜினுக்கு எண்ணெய் மாற்ற ஸ்டோர் கிளாக்கர் கணேசமூர்த்தி ஐயாவிடம் இருபதாம் நம்பர் கேட்டேன். அவர் ஐம்பதாம் நம்பரைக் கொடுத்தார்.

"பனிக்கு இது கெட்டிங்க ஐயா" என்றேன்.

"அம்பதுதான்டா உசத்தி. தொரை லொறிக்கு மட்டமானத ஊத்தச் சொல்றியா?" என்றார்.

டின்னில் உள்ள நம்பர் தரத்தை அல்ல, எண்ணெயின் கெட்டித்தன்மையையே காட்டும் என்று சொல்லியும் அவர் ஏற்காததால் அதையே ஊற்றினேன்.

அதன்பின் 27ஆம் திகதி காலை ஐந்தே முக்காலுக்கு, கொழுந்தெடுக்கும் வேலாயிக்கு பிரசவ வலி கண்டிருப்பதாகச் சொல்லி அவள் கணவன் அழகன் ஓடிவந்தான். மருத்துவச்சி மீனம்மா, "புள்ள குறுக்க கெடக்கு, ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்" என்று சொல்லியிருந்தாள். புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. நானும் அழகனும் லொறியின் முன்னாலுள்ள கைப்பிடியை மாறிமாறிச் சுற்றியும் என்ஜின் அசையவில்லை. எண்ணெய் பாகுபோல் இறுகியிருந்தது. ஸ்டோர் சாவி, ஹட்டனுக்குப் போயிருந்த கணேசமூர்த்தி ஐயாவிடம் இருந்தது. அதன்பின் பூட்டைக் கல்லால் உடைத்தது நான்தான், அழகன் இல்லை. இருபதாம் நம்பர் டின் ஒன்றை எடுத்தேன். பெண்கள் கொதிநீர் கொண்டுவந்து என்ஜினுக்குக் கீழுள்ள எண்ணெய்த் தொட்டியின்மேல் ஊற்ற, பழைய எண்ணெய் இளகி இறங்கியது. புதியதை ஊற்றிச் சுற்ற, ஆறாவது சுற்றில் என்ஜின் பிடித்தது. பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் வேலாயிக்குப் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் சுகம்.

மறுநாள் கணேசமூர்த்தி ஐயா திரும்பிவந்து, களவு என்று பொலிசில் முறைப்பாடு செய்தார். இன்று 29ஆம் திகதி காலை சார்ஜன்ட் ஐயா விசாரிக்க வந்தபோது, இரவெல்லாம் நான் பனியில் வைத்திருந்த இருபதாம் நம்பர், ஐம்பதாம் நம்பர் டின்கள் இரண்டையும் சாய்த்துக் காட்டினேன். இருபது ஓடியது. ஐம்பது விளிம்பிலேயே நின்றது. கணேசமூர்த்தி ஐயா அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நம்பர் கூடுனா உசத்தின்னுல்ல இத்தன வருஷமா நெனச்சிக்கிட்டிருந்தேன்" என்றார்.

"கீழ்நாட்டு வெயிலுக்கு அது நல்ல எண்ணெதாங்க ஐயா" என்றேன்.

அதன்பின் கணேசமூர்த்தி ஐயா, எந்த மாதத்துக்கு எந்த நம்பர் என்று என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டார்.

பூட்டை உடைத்தது குற்றமானால் ஒப்புக்கொள்கிறேன். மிஞ்சிய எண்ணெயை ஸ்டோரில் ஒப்படைத்துவிட்டேன்.

இதைச் சார்ஜன்ட் ஐயா எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். "களவெடுத்தேன்" என்றிருந்த இடத்தை "எடுத்தேன்" என்று திருத்தக் கேட்டேன். அருகில் நின்ற கணேசமூர்த்தி ஐயாவும், "மாத்திருங்க சார்" என்றார். திருத்தப்பட்டது. இப்போது இதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் நடந்ததே என அறிந்து கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ஆ. சோலைமலை