கோவிந்தண்ணாவுக்கு ஓடத் தெரியும்

காலை ஐந்து நாற்பது. வெள்ளிக்கிழமை. நான் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

இடது காலில் செருப்பு இல்லை. பின்னால் மல்பெரித் தோட்டம். அங்கிருந்து ஒரு சத்தம். பச்சை மூங்கிலை முழங்காலில் வைத்து முறித்தால் வருமே, அந்தச் சத்தம். ஒன்று. இரண்டு. மூன்று. வேலிக் கல்தூண் சாய்கிறது. கம்பி இழுபடுகிறது, நீளமாக. அதையெல்லாம் மீறி கோவிந்தண்ணா குரல் கேட்கிறது.

"ராஜம்மா, வராத! புழு வூட்டாண்ட ஓடு!"

ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை. அறுபது தப்படி. புழு வீட்டுக் கதவைத் தள்ளி உள்ளே விழுந்தேன். வெளியே மறுபடி அவர் குரல். இந்த முறை என்னிடம் இல்லை. யானையிடம். "தா, போ! அந்தாண்ட போ!" மாட்டை விரட்டுகிற அதே குரல். பிறகு ஒரு அடி விழுந்த சத்தம். நெல் மூட்டையை வண்டியிலிருந்து தள்ளியதுபோல. அதற்குப் பிறகு அவர் குரல் இல்லை.

உள்ளே மழை பெய்துகொண்டிருந்தது. மழை இல்லை. நாற்பதாயிரம் பட்டுப்புழு இலை தின்கிற சத்தம் அப்படித்தான் இருக்கும். அவற்றுக்கு என்ன தெரியும். ராத்திரி போட்ட இலையின் மிச்சத்தைத் தின்றுகொண்டிருந்தன.

என் பெயர் ராஜம்மா. வயது அறுபத்து மூன்று. ஆந்திராவில் ராமகுப்பம் மண்டலத்தில் ஒரு சின்ன ஊர். காடு இரண்டு கிலோமீட்டர். என் மாமனார் காலம்வரை எங்கள் ஜனங்களுக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. இப்போது எனக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. முக்கால் மல்பெரி. மீதி கேழ்வரகு.

இதைப் போர் என்று சொன்னால் சித்தூரில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். வந்து இருந்து பாருங்கள். பொழுது சாய்ந்தால் வெளியே போகக்கூடாது. முறை வைத்துக் காவல். வெடி, தீப்பந்தம், தகர டப்பா. காலையில் எழுந்தால் முதல் கேள்வி, இன்றைக்கு யார் கொல்லை போயிற்று என்பதுதான். போரில் இதைவிட வேறென்ன இருக்கும்? யானைமேல் எனக்குக் கோபம் இல்லை. அதற்கும் வயிறு இருக்கிறது. என் கோபம் வேறு இடத்தில். பாதி என்மேலேயே.

ஐந்து வருஷம் முன்னால் வீட்டுக்காரர் போய்விட்டார். மகன் திருச்சானூரில் லாட்ஜ் ஒன்றில் வேலை. வந்து உட்காரு என்றான். உட்காருவது என்றால் என்ன வேலை என்று கேட்டேன். பட்டுப்புழு வளர்க்கப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். நாற்பத்தைந்துக்கு மேல் எடுப்பதில்லை என்றார்கள். எனக்கு ஐம்பத்தெட்டு. எழுந்து போகவில்லை. கடைசி வரிசையில் நான்கு நாள் உட்கார்ந்தேன். டீ கொடுக்கும்போது மட்டும் என்னைத் தாண்டிப் போனார்கள். பாடம் என்னைத் தாண்டிப் போகவில்லை. கைப்பேசியில் தமிழில் எழுதவும் அந்த வருஷம்தான் கற்றேன்.

கோவிந்தண்ணா பக்கத்து வீடு. பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. எழுபத்திரண்டு வயதில் என்னிடம் இலை அறுக்க வந்தார். யாராவது வயது கேட்டால் வயதைச் சொல்லிவிட்டு, பல்லையும் சேர்த்துச் சொல்வார். கடைசியாகச் சொன்ன கணக்கு, வயது எழுபத்தேழு, பல் பதினாலு. இலைக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் போனால் நான் பின்னால் ஓட வேண்டும். நின்று திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். ஒருமுறை புழுவுக்கு நோய் வந்து மொத்தமும் செத்தது. குழி தோண்டிக் கொட்டினோம். நான் குழியோரம் உட்கார்ந்து அழுகிறேன். அவர் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"சரி, அடுத்த முட்டைக்கு எப்ப போலாம்?"

எனக்கு எரிச்சலாக வந்தது. மறுநாள் போனோம்.

ஊரில் யானைக்காவலுக்கு ஒரு வாட்ஸப் குழு. இருபத்தாறு பேர். தலைவன் சீனு, முப்பது வயது. அறுபது தாண்டியவர்கள் காவலுக்கு வேண்டாம், வீட்டுக்குள் இருங்கள் என்று முதல் நாளே சொல்லிவிட்டான். நான் சண்டை போட்டுத்தான் குழுவில் சேர்ந்தேன். கோவிந்தண்ணாவிடம் கைப்பேசி இல்லை. அவர் பார்த்ததை நான் எழுதுவேன்.

அந்த வெள்ளிக்கு இரண்டு வாரம் முன்னால். ஏரிக்குள் யானை என்று அவர் சொன்னார். எழுதினேன். நான்கு பைக் போயிற்று. யானை இல்லை. மூன்று எருமை சேற்றில் படுத்திருந்தன. சீனு குழுவில் எழுதினான், கிழங்களோட கண்ணை நம்பி இனிமே வண்டி எடுக்காதீங்க என்று. அதன் கீழே சிரிக்கிற முகங்கள். எண்ணினேன். ஒன்பது. ஒன்பது பேரையும் எனக்குத் தெரியும். அதில் இரண்டு பேர் பிறந்தபோது தொப்புள்கொடி அறுக்கும் இடத்தில் நான் இருந்தேன்.

வெட்கமாக இருந்தது. கோபம் வரவேண்டிய இடத்தில் வெட்கம் வந்தது. என்ன மானங்கெட்ட மனசு இது.

அந்த வெள்ளிக்கு முந்தின நாள், வியாழக்கிழமை. புழுவுக்குக் கடைசிப் பருவம், ஆறாம் நாள். இன்னும் இரண்டு நாளில் கூடு கட்டும். அதுவரை புழு வீட்டைச் சுற்றிப் புகை ஆகாது. பீடி ஆகாது, ஊதுபத்தி ஆகாது, வெடி ஆகவே ஆகாது. இது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். சீனுவிடமும் சொல்லியிருந்தேன்.

மாலை நான்கு பத்து. கோவிந்தண்ணா ஏரிப் பக்கமிருந்து வருகிறார். வேகமாக. மூச்சு வாங்கவில்லை. ஏரிக்கரையில் மூன்று நிற்பதாகச் சொன்னார். ஒன்று கொம்பன். வாடை அடிக்கிறது என்றார். நான் இலை போட்டுக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. அப்போது நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இது இங்கே இருந்தாக வேண்டும்.

"உனுக்கு வயசாயிப்போச்சுண்ணா. போன தபா மாதிரி எருமையாத்தான் இருக்கும்."

நான்தான் சொன்னேன். நாற்பத்தைந்து என்று என்னை வெளியே நிறுத்தப் பார்த்தவர்களை ஐந்து வருஷமாகத் திட்டிய அதே வாய்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எருமைனா எருமை. நீ குழுல போடு. பசங்க பாத்துக்கினு போவட்டும்" என்றார்.

கைப்பேசியை எடுத்தேன். எழுதினேன். ஒரு வரி. விரல் அனுப்பும் இடத்துக்குப் போயிற்று. அந்த ஒன்பது முகம் மேலே தெரிந்தது. விரலை எடுத்துவிட்டேன்.

வாசலில் நின்றுகொண்டு கேட்டார், போட்டியா என்று. தலையை ஆட்டினேன்.

அவர் நம்பினார். பையன்கள் பார்த்திருப்பார்கள், விரட்டியிருப்பார்கள் என்று நம்பித்தான் விடியற்காலையில் எனக்கு முன்னால் தோட்டத்துக்குப் போனார். ஐந்து இருபதுக்கு அவர் கத்தி எடுத்துக்கொண்டு போன சத்தம் கேட்டது. கதவுச் சங்கிலி. பிறகு இருமல். நான் முகம் கழுவிவிட்டுப் பின்னால் போனேன். வேலியருகே போகும்போது மல்பெரிக்கு மேலே ஒரு முதுகு தெரிந்தது. கருப்பாக, ஈரமாக. எருமைக்கு அவ்வளவு உயரம் கிடையாது.

அவர் நின்றிருந்தது மேற்கு மூலை. அங்கே வேலியில் ஆள் நுழையும் சந்து இருக்கிறது. பத்துத் தப்படி. அதில் புகுந்து ஓடியிருந்தால் ஏரிக்கால்வாய், அதைத் தாண்டினால் ரோடு. கொம்பன் என்னைப் பார்த்துத்தான் திரும்பியது. எனக்கும் அதற்கும் நடுவில் வேலி மட்டும். அவர் சந்துக்குப் போகவில்லை. கத்தியைக் கல்லில் தட்டினார். கணீர் கணீர் என்று. அது அவர் பக்கம் திரும்பும்வரை தட்டினார். பிறகு என்னை ஓடச் சொன்னார்.

இதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

ஆறு மணிக்குப் பையன்கள் வந்தார்கள். "ஏனுகு! ஏனுகு!" யானை, யானை என்று தெலுங்கில் கத்திக்கொண்டு. வெடி கையில் இருந்தது. சீனு புழு வீட்டைப் பார்த்துத் தயங்கினான். நான் சொன்னது அவனுக்கு நினைவிருந்தது. நான் கதவைத் திறந்துகொண்டு கத்தினேன்.

"வெடிங்கடா! அண்ணா உள்ள கீறாரு!"

வெடித்தார்கள். பதினேழு வெடி. எண்ணினேன். அந்த நேரத்தில் எண்ணத்தான் முடிந்தது. காற்று கிழக்கே அடித்தது. மஞ்சள் புகை நேராகத் திறந்த கதவுக்குள் போயிற்று. யானைகள் காட்டுப் பக்கம் திரும்பின. அவசரமே இல்லாமல்.

அவரை நான்கு பேர் தூக்கினார்கள். கத்தி இன்னும் கையில் இருந்தது.

மத்தியானம் புழு வீட்டுக்குள் போனேன். மழை நின்றிருந்தது. புழுக்கள் தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் இருந்தன. வாயில் பச்சைத் தண்ணீர். மிஞ்சியதற்குப் போட இலை இல்லை. தோட்டம் தரையோடு தரை. பாதி புகையில் போயிற்று. பாதி பசியில். சனிக்கிழமை மாலைக்குள் எல்லாம் முடிந்தது.

மகன் திருச்சானூரிலிருந்து வந்தான். இந்த வயசுல இது தேவையா என்று மெதுவாகக் கேட்டான். நல்ல பிள்ளைதான். அழுதுகொண்டே கேட்டான்.

பதினைந்து நாள் கழித்துச் சித்தூர் வனத்துறை அலுவலகத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது. தெலுங்கு. சீனுதான் படித்துச் சொன்னான். முதுமை காரணமாக ஓட முடியாமல் யானையிடம் சிக்கி இறந்தார் என்று இருந்தது. கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். பாவம், வயசாயிடுச்சில்ல என்றார்கள்.

எனக்கு அந்த வரி சௌகரியம். அதை மறைக்காமல் சொல்கிறேன். அந்த வரி அப்படியே இருந்தால் நான் தலையாட்டியதை யாரும் கேட்கப்போவதில்லை. அவர் கிழவர், ஓட முடியவில்லை, கதை முடிந்தது. மூன்று நாள் அந்தச் சௌகரியத்தில் இருந்தேன். சோறு தின்றேன், தூங்கினேன். நான்காம் நாள் வரப்பில் நடக்கும்போது அவர் முன்னால் போய் நின்று திரும்பிச் சிரிக்கிற இடம் வந்தது. அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

முதலில் சீனுவிடம் சொன்னேன். குழு மொத்தத்தையும் கோயில் முன்னால் வரச்சொல்லி எல்லார் முன்னாலும். எருமை, ஒன்பது முகம், எழுதிய வரி, ஆட்டிய தலை. ஒன்றும் விடவில்லை. கோவிந்தண்ணாவுக்கு ஒரு மகள் இருந்திருந்தால் என்னை அறைந்திருப்பாள். அறைய ஆளில்லை. சீனு தரையைப் பார்த்துக்கொண்டு, நானும்தான் அத்தை என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

பிறகு பஸ் ஏறிச் சித்தூரில் அந்த அலுவலகத்துக்குப் போனேன். மூன்று முறை. முதல்முறை அதிகாரி இல்லை. இரண்டாம்முறை மனு எழுதிவரச் சொன்னார். மூன்றாம்முறை கேட்டார். முழுக்கக் கேட்டார், அதற்கு நன்றி. பிறகு, இதை மாற்றினால் என்னம்மா ஆகப்போகிறது, போனவர் வரப்போகிறாரா என்றார்.

"சார், அந்தாளுக்கு ஓடத் தெரியும். எனுக்காக நின்னாரு. அத்த எழுதுங்க. நான் சேதி அனுப்பலன்றதயும் எழுதுங்க."

இரண்டாவதற்கு அந்தக் காகிதத்தில் இடம் இல்லை என்றார். முதலாவதைப் பார்க்கலாம் என்றார். இன்றுவரை வரி மாறவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

மல்பெரி வேர் சாகவில்லை. நாற்பதாம் நாள் தளிர்த்தது. புழு வீட்டைச் சுண்ணாம்பு அடித்துக் கழுவினேன். மறுபடி முட்டை வாங்கி வைத்திருக்கிறேன், பாதி அளவு. இலை அறுக்க வேறு ஆள் பார்க்கவில்லை. நானே அறுக்கிறேன். மூச்சு வாங்குகிறது. வாங்கட்டும். காவல் முறையில் என் பெயரும் இருக்கிறது, செவ்வாய், சனி. இப்போது யார் சொன்னாலும் வண்டி எடுக்கிறார்கள். போன மாதம் இரண்டு முறை எருமை. யாரும் சிரிக்கவில்லை.

போனவற்றின் கணக்கு.

மல்பெரி, முக்கால் ஏக்கர், ஒரு பருவம். கல்தூண் பதினொன்று. புழு நாற்பதாயிரம், ஒன்றுகூட மிஞ்சவில்லை. செருப்பு ஒன்று, இடது கால். கோவிந்தன், வயது எழுபத்தேழு, பல் பதினாலு. பத்துத் தப்படியில் வழி இருந்தது.

இன்னொன்றும் உண்டு. அது போகவில்லை, என்னிடமே இருக்கிறது. இப்போது குழுவில் நான் எழுதுவதில்லை, சீனுவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன். எழுதுகிற இடத்தில் அனுப்பாத அந்த வரி அப்படியே நிற்கிறது. வியாழக்கிழமை, மாலை நான்கு பத்துக்கு எழுதியது.

ஏரிக்கரையாண்ட மூணு யானை நிக்கிது. கோவிந்தண்ணா பாத்தாரு.