தொண்ணூத்தாறு மார்க்

— கம்ப்யூட்டர் வராதுன்னு இப்போ சொல்றீங்களே துர்காதேவி சிஸ்டர், இது என்ன?

— மார்க் ஷீட்டு, பிரேம்நாத் சார்.

— எத்தினி?

— தொண்ணூத்தாறு.

— நர்ஸுங்களோட கம்ப்யூட்டர் திறமையை அளக்க பெங்களூர்லருந்து ஆளை வரவழைச்சேன். சின்னப் பொண்ணுங்களே தொண்ணூறைத் தாண்டல. நீங்க ஃபர்ஸ்ட்டு. அந்த மார்க்குக்குத்தான் நம்ம ஆஸ்பத்திரிக்கு விருது.

— பார்த்தேன் சார். வாசல்ல பேனர்ல உங்க படம்தான் ஆளுயரத்துக்கு இருக்குது.

— அது டிசைன் பண்ணவன் தப்பு. விஷயத்துக்கு வாங்க. செவிலிமேடு கலைவாணனுக்குப் பென்சிலின் ஒத்துக்காதுன்னு அவன் சம்சாரம் உங்ககிட்ட சொல்லிச்சா?

— சொல்லிச்சி. சிவப்பு மையில சீட்டுல எழுதி வச்சேன்.

— சீட்டை எவன் பார்க்கிறான்? கம்ப்யூட்டர்ல ‘அலர்ஜி இல்லை’ன்னு இருக்குது. உங்க பாஸ்வேர்டுல அடிச்சிருக்குது. ஊசி போட்டாங்க, அரை மணியில ஆள் போயிட்டான்.

— அவர் சம்சாரம் இன்னும் மார்ச்சுவரி வாசல்லயே உட்கார்ந்துக்கினு இருக்குது சார். வயித்துல ஏழு மாசம்.

— போலீஸு பேர் கேக்குது. ‘நான் அடிக்கல, பரீட்சையும் வேற ஆள் எழுதிச்சி’ன்னு சொன்னா நீங்க தப்பிச்சிக்கலாம். ஆனா அந்த ஆள் மேல கேஸு. ஜென்மத்துக்கும் நர்ஸ் வேலை கிடையாது.

— சின்ன வயசா இருந்தாலுமா?

— வயசுக்குக் குறைச்சிக்க இது என்ன ஆடித் தள்ளுபடியா?

— இல்ல சார், சும்மா கேட்டேன்.

— சிஸ்டர்... அழறீங்களா?

— நான்தான் அடிச்சேன் சார்.

— வெரிகுட். அதை அப்படியே கம்ப்யூட்டர்ல அடிச்சிக் கொடுங்க. நம்மளுது காகிதமே இல்லாத ஆஸ்பத்திரி.

— இதோ...

— ‘டி’ அங்க இல்ல. கீழ. இந்தப் பக்கம்.

— கண்ணாடி கொண்டாரல சார்.

— மூக்கு மேல இருக்குதே!

— இது தூரத்துப் பார்வைக்கு.

— நவுருங்க, நானே அடிக்கிறேன். ‘என் கவனக்குறைவால்...’ ம், முடிஞ்சிது. இந்த பட்டனை மட்டும் அமுக்குங்க.

— எது சார்?

— பச்சை.

— அமுக்கிட்டேன். சார், எங்க வார்டு சின்ன நர்ஸு சுகாசினியை வீட்டுக்கு அனுப்பிடலாமா? நேத்துலருந்து பச்சைத்தண்ணி கூட குடிக்கல அது.

— அதுவா? பரீட்சை எழுதினது, கலைவாணனுக்குக் கம்ப்யூட்டர்ல அடிச்சது, எல்லாமே நான்தான்னு காலையிலயே எழுதிக் கொடுத்திச்சி சிஸ்டர். விருது என்னாவறது? அப்பவே கிழிச்சிப் போட்டுட்டேன்.