தகரத்துக்குள் ஓர் ஏர்த் வயர்

சுவாமி, பழுதான றேடியோவில் எறிவதற்கென்று ஒன்றும் இல்லை. அதைத்தான் நான் எங்கள் பாட்டுக் குழுப் பொடியன் கனிசியசுக்கும் சொன்னேன். என் திருத்தக் கடைக்கு வந்து பழைய ரான்சிஸ்டர்களைப் பொறுக்கிக்கொண்டு போவான். அவற்றை வைத்துக் காலால் அழுத்தும் பெட்டியொன்று செய்தான். கிற்றாருக்கும் அம்பிளிபயருக்கும் இடையில் அதைக் கொளுவினால் தந்தி உறுமும், அழும். கெட்டிக்காரன். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

முதல் தரம் அதைக் கொண்டுவந்தபோது அவன் முகம் வாடியிருந்தது.

"அண்ணை, உது இரையுது. வாசிக்காமல் விட்டால் உள்ளுக்கை ஆரோ கதைக்கினம்."

கொளுவிப் பார்த்தேன். உண்மைதான். ஆமி முகாம் என் கடைக்கும், நாங்கள் ஒத்திகை பார்க்கும் கோயில் மண்டபத்துக்கும் கூப்பிடு தூரம். அவர்களுடைய வயர்லெஸ் பேச்சு, நமக்கு விளங்காத பாஷையில், அம்பிளிபயரால் வந்துகொண்டிருந்தது. வீட்டில் செய்கிற பெட்டிகளுக்கு வரும் வழக்கமான வருத்தம் இது. அவன் எல்லாவற்றையும் மரப்பெட்டிக்குள் வைத்திருந்தான். நான் பிஸ்கற் தகரமொன்றுக்கு மாற்றி, தகரத்தை உள்ளே ஓர் ஏர்த் வயரால் ஈயம் வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தேன். வெளிப் பேச்சு தகரத்தோடு நின்றுவிட்டது.

அந்தப் பெட்டியோடு அவன் வாசித்ததைக் கேட்ட பிறகு, குழுவில் என்னை றிதத்துக்கு மாற்றினார்கள். எனக்குக் கலியாணம் ஆக முந்தியிருந்தே லீட் கிற்றார் நான்தான். லீட் வாசிக்கிறவன் மேடையின் முன்னால் நிற்பான். றிதம் வாசிக்கிறவன் ட்றம்ஸுக்குப் பின்னால் நின்றாலும் ஒருவரும் தேடமாட்டார்கள். "கிறகோரி அண்ணை நல்லாத் தாளம் பிடிப்பார்" என்று கனிசியஸ் எல்லாருக்கும் சொன்னான். நல்ல மனதோடுதான் சொன்னான். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. வீட்டுக்கு வந்தால் என் மனைவி யோசப்பின், "உவன் வாசிச்சால் நெஞ்சு என்னவோ செய்யுதப்பா" என்றாள். என் வாசிப்புக்கு அவளுடைய நெஞ்சு ஒன்றும் செய்ததில்லை.

போன வருஷம் கோயில் திருநாள் கிட்டிய நேரத்தில், சுவிச் இறுகுகிறது என்று பெட்டியை மறுபடியும் கொண்டுவந்தான். சுவிச்சைத் துப்பரவாக்கி எண்ணெய் விட்டேன். பிறகு ஏர்த் வயரின் ஈயத்தைச் சூடாக்கி, வயரைத் தூக்கி, மயிரளவு தள்ளி வைத்தேன். வெட்டக்கூட இல்லை. மேடையில் அவன் கொஞ்சம் வெட்கப்படட்டும் என்றுதான் செய்தேன் என்று உங்களுக்குச் சொல்லலாம். ஆனால் அந்தக் கிழமை றோட்டில் கண்ணிவெடி வெடித்து, ஆமி வீடுவீடாகத் தேடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். ஒத்திகை நேரத்தில் ரோந்து மண்டபத்து வாசலால் போகும் என்பதும் தெரியும்.

பின்னேர ஒத்திகையில் பாட்டு முடிந்து எல்லாரும் கையை எடுத்ததும், அம்பிளிபயர் கதைக்கத் தொடங்கியது. கனிசியஸ் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"அண்ணை, திரும்பவும் வந்திட்டினம்."

வாசலால் போன ஆமிக்காரர்கள் தங்கள் பேச்சைத் தாங்களே கேட்டு நின்றார்கள். உள்ளே வந்து கண்டது தகரம், பற்றறி, வயர், காலால் அழுத்தும் சுவிச். அந்த நாளில் அதற்கு ஒரு கருத்துத்தான், குண்டு. விளங்கப்படுத்த வாசித்துக் காட்டலாம் என்று கிற்றாரை எடுக்கப் போன கனிசியசைத் துவக்குப்பிடியால் அடித்தார்கள்.

எங்களுக்குள் இங்கிலிஷ் தெரிந்தவன் நான். அதிகாரி என்னைத்தான் கேட்டார். யார் செய்தது? கனிசியஸ். உள்ளே இருப்பது றேடியோச் சாமானா? ஓம். காலால் அழுத்துவதா? ஓம்.

"அண்ணை, உது பாட்டுக்குச் செய்த பெட்டியெண்டு சொல்லுங்கோ" என்றான் கனிசியஸ், நிலத்தில் கிடந்தபடி.

என்ன சொல்கிறான் என்று அதிகாரி என்னைக் கேட்டார். தண்ணீர் கேட்கிறான் என்றேன். தண்ணீர் கொடுத்தார்கள். பிறகு அவனை முகாமுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

அவனுடைய உடலைப் பொறுப்பெடுக்க நீங்கள்தான் முகாமுக்குப் போனீர்கள். சோதித்ததில் ஒன்றுமில்லை என்று தகரத்தையும் உங்கள் கையில் தந்தார்களாம்.

அதை அவனுடைய தாய் லூர்த்தம்மா அக்கா போன மாதம் என்னிடம் கொண்டுவந்தா. "தம்பி, உது வேலை செய்யுமோ எண்டு ஒருக்காப் பார். பிள்ளை எந்தநேரமும் உதோடைதான் கிடந்தவன்." தகரம் ஒரு பக்கம் நெளிந்திருந்தது. தட்டி நிமிர்த்தி, ஏர்த் வயரைத் திரும்பப் பற்றவைத்தேன். அவ என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டா. மனதுக்கு ஆறுதலாக இருந்தது.

கடவுளின் பத்துக் கற்பனைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து யோசித்துப் பார்த்தேன், சுவாமி. பொய் சொன்னது அந்தத் தண்ணீர் விஷயத்தில் மட்டும். அதை இதோ சொல்லிவிட்டேன். கொலை செய்யாதிருப்பாயாக என்பதற்குள் ஓர் ஏர்த் வயர் அடங்குமா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

திருநாளுக்கு வாசிக்கிறவர்கள் எல்லாரும் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுத்தான் மேடையேற வேண்டும் என்பது உங்கள் கட்டளை. அதனால் வந்தேன். இந்த வருஷம் லீட் வாசிக்க வேறு ஆள் இல்லை. கனிசியசின் நினைவாக, அந்தப் பெட்டியோடு நானே வாசிக்கிறேன். லூர்த்தம்மா அக்கா முன்வரிசையில் வந்திருப்பா. நேற்றுக் கொளுவிப் பார்த்தேன், தந்தியை விட்டால் உள்ளே ஒருவரும் கதைப்பதில்லை.

அபராதம் என்னவென்று சொல்லுங்கள், சுவாமி. சுருக்கமாக இருந்தால் நல்லது. ஒத்திகைக்கு எல்லாரும் எனக்காகக் காத்திருக்கிறார்கள்.