குளிர் புகாத கொட்டகை

தகரக் கொட்டகையில் குடியிருக்கப் போகிறவன் முதலில் ஈரத்தைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும், ஆர்னி. குளிரை அடுப்பு பார்த்துக்கொள்ளும். இரண்டு பேர் மூச்சுவிட்டு, காப்பி போட்டு, துணி காயப்போட்டால் போதும். அந்த ஆவியெல்லாம் கூரைத் தகரத்தில் பட்டுப் படுக்கைமேல் சொட்டும். உன் போலீஸ் தாளில் இதையும் எழுதிக்கொள். யாருக்காவது உதவும்.

செப்டம்பரில் எங்கள் வீடு எரிந்தபோது நீயும் வந்து நின்றாய். மிஞ்சியது, நான் படகு நிறுத்துகிற கொட்டகை மட்டும். வசந்தத்தில் புது வீடு கட்டலாம், அதுவரை இங்கே இருப்போம் என்று லெம்பியிடம் சொன்னேன். பின்லாந்திலிருந்து அமெரிக்காவுக்கு வந்து இந்த சுப்பீரியர் ஏரிக்கரையில் குடியேறிய நம் ஆட்கள், முதலில் நீராவிக் குளியலுக்கு ஒரு சவுனாவைக் கட்டி, முதல் குளிர்காலத்தை அதற்குள்ளேயே ஓட்டியவர்கள்தானே.

லெம்பி சுற்றிப் பார்த்தாள். "நாப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்துனதுக்குப் படகுக்குப் பக்கத்துல எடம் குடுத்திருக்க. பரவால்ல, படகு கொறட்ட விடாது," என்று சிரித்தாள்.

நவம்பரில் அந்தச் சிரிப்பு நின்றது. தகரத்தைப் பிடித்திருக்கும் திருகாணிகளின் முனைகள் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் உறைபனி பூத்திருக்கும். அடுப்பு மூட்டியதும் உருகி அவள் தலையணையை நனைக்கும்.

"நான் அரிசோனாவுக்கு எந்தங்கச்சி வீட்டுக்குப் போறேன், வில்ஹோ. நீ உன் தகரத்தக் கட்டிக்கிட்டு அழு," என்றாள்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. வீடு எரிந்தபோதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை. அரிசோனாவுக்குப் போன யாரும் இந்தப் பனிக்குத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அவள் எதிரே உட்காராமல் எனக்கு ஒரு வாய் சோறு இறங்காது.

மூன்று வாரம் சரியாகத் தூங்காமல் வேலை செய்தேன். படகை வெளியே தள்ளினேன். தகரத்தை ஒட்டி நுரைப் பலகை, மூட்டுக்கு மூட்டு ஒட்டுப்பட்டை, சட்டங்களுக்கு நடுவே பஞ்சு, அதன்மேல் கிழிசல் இல்லாத பிளாஸ்டிக் விரிப்பு, கடைசியில் மரப்பலகை. மெழுகுவத்தியை ஏற்றிச் சுவரோரமாக நடந்தேன். சுடர் அசையவில்லை. அடுப்புக்குப் பின்னால், தரையோடு, கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை மட்டும் விட்டேன். நெருப்புக்குக் காற்று வேண்டும். நம் ஊரில் சவுனா கட்டுகிறவன் அந்த ஓட்டையை வெட்டிவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடுவான்.

சொட்டுவது நின்றது. "நல்லாத்தான் செஞ்சிருக்க. கதகதப்பா இருக்கு," என்று லெம்பியே சொன்னாள். சொல்லிக்கொண்டே பெட்டியில் துணி அடுக்கினாள்.

"அப்புறம் எதுக்குப் போற?"

"குளிருக்காகப் போறேன்னா நெனச்ச? எந்தங்கச்சி மூஞ்சியப் பாத்துப் பதினேழு வருஷம் ஆச்சு. ஒவ்வொரு தடவையும் கார் ரிப்பேரு, உனக்கு முதுகுவலி, அடுத்த வருஷம் பாக்கலாம். இப்ப எரியறதுக்கு வீடும் இல்ல. போறேன்."

மறுநாள் காலை அவளுக்குப் பேருந்து. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள். நான் அடுப்பில் விறகை நிறைய வைத்துவிட்டு, கூரைப் பனியைத் தள்ள வெளியே போனேன். உள்சூடு கொஞ்சமும் மேலே போகாததால் பனி உருகாமல் அப்படியே நின்றது. அவ்வளவு நல்ல வேலை. மூன்று மணி நேரம் தள்ளினேன்.

நேற்று நீ நல்ல மனசோடு கேட்டாய். "பெரியவரே, குளிர் காத்து வருதுன்னு தெரியாத்தனமா அந்த ஓட்டைய அடச்சிட்டீங்க, அப்படித்தானே? நான் அப்படியே எழுதிக்கறேன்."

அப்படி எழுதாதே. நாற்பது சவுனா கட்டியிருக்கிறேன். உன் வீட்டுச் சவுனாவும் நான் கட்டியதுதான். எதிலாவது அந்த ஓட்டை இல்லாமல் இருக்கிறதா, போய்ப் பார். தெரியாத்தனமாகச் செய்தேன் என்று எழுதினால் ஊரில் என்னை என்ன நினைப்பார்கள்?

தெரிந்துதான் செய்தேன். அவள் கண்ணயர்ந்ததும் மிச்சப் பஞ்சைத் திணித்து, மேலே பட்டை ஒட்டினேன். புகை வெளியே போகாதபடி, புகைக்குழாய்க்குள் இருக்கும் தட்டைத் திருப்பி மூடினேன். விஷப்புகைக்கு மணியடிக்கிற கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வெளியே அது அடிக்கவே இல்லை. திரும்பி வந்து கதவையெல்லாம் விரியத் திறந்துவிட்டுப் பார்த்தபோது, அவள் கன்னம் சிவந்திருந்தது. கை சூடாகவே இருந்தது.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டு. ஒரே ஒரு உதவி கேட்கிறேன். மண் பாறையாக இறுகிக் கிடக்கிறது, குழி வெட்ட முடியாது. மே மாதம்வரை அவளைக் கல்லறைத் தோட்டத்துக் கிடங்கில்தான் வைப்பீர்கள். அதுவும் வெறும் தகரம், உள்ளே ஒரு பிடி பஞ்சு கிடையாது. என்னை இரண்டு நாள் வெளியே விடு, ஆர்னி. நான் போய் அடைத்துக் கொடுத்துவிட்டு வருகிறேன். லெம்பிக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. அதற்காகத்தான் அவள் என்னை விட்டுப் போகப் பார்த்தாள்.