பிரிக்ஃபீல்ட்ஸ் வீடு ஏன் விற்கவில்லை

தாரா: சும்மா சொல்லாதீங்கண்ணா. லேண்ட் ஆபீஸ்ல சிஸ்டம் டவுனா? ரெண்டு வருஷமாவா?

ஐங்கரன்: முழுசா ரெண்டு வருஷம் இல்ல லா... நடுவுல ஒருநாள் வேலை செஞ்சுச்சு.

தாரா: விளையாடாதீங்க! அப்பா உயில்ல என்ன எழுதிட்டுப் போனாரு? இந்த வீட்டை வித்து உங்களுக்குப் பாதி, எனக்குப் பாதி. உயிலை நிறைவேத்துற எக்ஸிகியூட்டரா உங்களைத்தானே போட்டாரு? மூத்தவன், பொறுப்பானவன்னு...

ஐங்கரன்: பாவம், அப்பா ஏமாந்துட்டாரு.

தாரா: கிஷன் தினம் கேக்குறாரு. "உங்கண்ணன் வீட்டை முழுங்கிட்டாரா?"ன்னு. புதுக் காருக்குக் கலர்கூடப் பாத்து வச்சாச்சு.

ஐங்கரன்: மச்சானா அப்படிச் சொன்னாரு?

தாரா: உண்மையைச் சொல்லுங்க. வாங்க ஆள் வரலையா?

ஐங்கரன்: வந்தாங்களே. காஜாங்லேர்ந்து ஒரு டாக்டர். நல்ல விலை...

தாரா: அப்புறம்?

ஐங்கரன்: கூரை ஒழுகும்னு சொன்னேன்.

தாரா: ஒழுகுதா?

ஐங்கரன்: ...இல்ல.

தாரா: அண்ணா!

ஐங்கரன்: அடுத்து ஒரு புருஷன் பொண்டாட்டி. ரயில் சத்தத்துல தூங்கவே முடியாதுன்னேன். ஓடிட்டாங்க.

தாரா: ஏண்ணா? அண்ணிக்குத் தெரியாம இங்க யாரையாச்சும்...

ஐங்கரன்: சீ! வாயைக் கழுவு. இந்தா சாவி. பின்ரூமைத் திறந்து பாரு.

தாரா: என்ன இருக்கு உள்ள... ஐயோ, சாக்ஸபோனா!

ஐங்கரன்: மெதுவாத் தொடு. ரிட்டயர் ஆனதும் வாங்கினேன். "ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்"னுட்டா உங்கண்ணி. திங்களும் வியாழனும் நான் லேண்ட் ஆபீஸ்ல நிக்கிறதா நெனச்சுக்கிட்டிருக்கா.

தாரா: அறுபத்திரண்டு வயசுல... இருங்க, வயிறு வலிக்குது...

ஐங்கரன்: சிரி, நல்லா சிரி. நாப்பது வருஷம் ஆபீஸ்ல வாயைத் திறக்காம இருந்தவன் நான். இங்க வந்து ஊதினாத்தான் மூச்சு விடுற மாதிரி இருக்கு... சரி, என் தப்புதான். உன் பங்கை நான் பிடிச்சு வைக்கக் கூடாது. இப்பவே அந்த டாக்டருக்குப் போன் போடுறேன்.

தாரா: வேணாம், வேணாம்! போனைக் கீழ வைங்க.

ஐங்கரன்: இப்பத்தானே சண்டைக்கு வந்த?

தாரா: வீட்டுக்குப் போனா, சண்டை போட்டேன்னு சொல்லணும்ல?

ஐங்கரன்: அப்ப... நான் தினமும் வந்து ஊதலாமா?

தாரா: செவ்வாய்க்கிழமை மட்டும் வந்துடாதீங்கண்ணா. மாமியாரையும் மூணு பிள்ளைங்களையும் கிஷன் தலையில கட்டிட்டு, அன்னைக்கு மத்தியானம் நான் இங்கதான் வந்து தூங்குறேன்.